அளவைப் பெருக்குங்கள், ஓரத்தைக் கூட்டுங்கள்

கணபதி, மணியகாரம்பாளையம், சங்கனூர், காந்திமாநகர், சின்னவேடம்பட்டி வட்டாரத்தில் வீட்டில் தையல் மிஷின் வைத்துக்கொண்டு ஒட்டுத்துணிப் போர்வை தைக்கத் தொடங்கியிருக்கும் அக்கா தங்கைகளுக்கு,



குயில்ட் என்று இப்போது எல்லோரும் சொல்லும் இந்தப் போர்வையை நம் பக்கத்தில் தைப்பவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். ரவிக்கை தைத்து மிச்சமான துண்டுகள், நைந்தாலும் தூக்கிப்போட மனம் வராத நெகமம் சேலைகள், பிள்ளைகளின் பழைய சட்டைகள் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மூட்டை இருக்கிறது. பேரக்குழந்தைக்கு ஒரு போர்வை என்று தொடங்கி, ஆசை பிடித்துக்கொண்டு அடுத்தது, அதற்கடுத்தது என்று போகிறவர்களை எனக்குத் தெரியும். பேட்டர்னும் செல்போனிலேயே கிடைக்கிறது. இலவசமாகவே நூற்றுக்கணக்கில்.

ஆனால் அந்த பேட்டர்னை பிரிண்ட் எடுத்து, வெட்டி, தைக்கும்போது துண்டோடு துண்டு சேர மறுக்கிறது. முக்கோணத்தின் முனை அடுத்த துண்டுக்குள் போய் மறைகிறது. துண்டுகளைச் சேர்த்த ஒரு பிளாக் 12 இஞ்ச் வருகிறது, பக்கத்தில் வைக்க வேண்டியது 11 இஞ்ச் சொச்சம்தான் வருகிறது. இழுத்துப் பிடித்துத் தைத்தால் நடுவில் உப்பிக்கொள்கிறது. "எனக்கு இந்த வேலை வராதுங்க" என்று மடித்து பீரோவின் மேல்தட்டில் வைத்துவிடுகிறீர்கள். அப்படி மடித்து வைத்த போர்வைகள் பலவற்றை நான் கையில் வாங்கிப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். தையல் நேராக இருக்கிறது. ஓரம் ஒரே சீராக இருக்கிறது. பதினைந்து இருபது வருஷம் ரவிக்கை தைத்த கை அது, எப்படித் தப்பும்? தப்பு காகிதத்தில் இருக்கிறது. பேட்டர்னைப் பெரிதாக்கிய விதத்திலும் அச்சிட்ட விதத்திலும் இருக்கிறது. அதைச் சரிசெய்ய ஐந்தாம் வகுப்புக் கணக்குப் போதும். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நம் ஊர் தொழில் ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன். நூற்பாலை இயந்திரம் செய்த டெக்ஸ்டூல் இருந்த ஊர் இது. சத்தி ரோட்டுப் பாலத்துக்கு இன்றைக்கும் அந்தப் பெயர்தான். பம்பு, மோட்டார், கிரைண்டர் என்று ஊரெல்லாம் பட்டறை. பட்டறைக்கெல்லாம் வார்ப்படம் ஊற்றித் தர பவுண்டரி. உங்களில் பலருடைய அப்பாவோ, மாமனாரோ, வீட்டுக்காரரோ அந்த வேலையில் இருந்திருப்பார்கள். என் அப்பா மரத்தில் பேட்டர்ன் செய்தவர். பம்பு உடம்பை முதலில் மரத்தில் செய்து, அதை மணலில் பதித்து எடுத்து, அந்தக் குழியில் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் மர பேட்டர்ன் செய்ய வேண்டிய சாமானைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். வார்ப்பிரும்புக்கு அடிக்கு ஒரு நூல், அதாவது ஓர் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. எஃகுக்கு அடிக்கு ஏறக்குறைய இரண்டு நூல். இதற்கென்றே தனி ஸ்கேல் உண்டு; அதன் அடி, சாதாரண அடியைவிட ஒரு நூல் நீளமாகவே கோடு போடப்பட்டிருக்கும். சாமான் பெரிதானால் சுருக்கமும் அதே விகிதத்தில் பெரிதாகும். இது பெருக்கல்.

அதோடு முடியாது. வார்த்து எடுத்த பிறகு லேத்தில் கடைந்து மேற்பரப்பை வழவழப்பாக்க வேண்டும். கடையும்போது போகிற கனத்தை முன்கூட்டியே பேட்டர்னில் சேர்த்து வைப்பார்கள். அது விகிதத்தில் வளராது. கடைசலுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவை மேலே வைத்துவிடுவார்கள். இது கூட்டல். முதலில் சாமானின் அளவைப் பெருக்கி, அதன்மேல் கடைசலுக்கு உண்டானதைக் கூட்ட வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பினால் வார்ப்படம் வீண்.

போர்வை பேட்டர்னுக்கும் கணக்கு அச்சு அசலாக இதுவேதான். தைத்து முடித்த பிறகு கண்ணுக்குத் தெரிகிற அளவைப் பெருக்க வேண்டும். தையலுக்கு விடுகிற ஓரத்தைக் கூட்ட வேண்டும். குயில்ட் உலகம் முழுக்க அந்த ஓரம் கால் இஞ்ச், நம் கணக்கில் இரண்டு நூல். கைக்குட்டை அளவு பிளாக்காக இருந்தாலும் கட்டில் அளவு பிளாக்காக இருந்தாலும் அதே இரண்டு நூல்தான். ஓரத்தோடு சேர்த்து வரைந்த பேட்டர்னை அப்படியே ஜெராக்ஸ் மிஷினில் வைத்து 200 சதவீதம் என்று அழுத்தினால், துண்டு இரண்டு மடங்காகும்போது ஓரமும் இரண்டு மடங்காகி அரை இஞ்ச் ஆகிவிடும். மிஷினின் பாதம் மட்டும் பழைய வழக்கப்படி கால் இஞ்சில் தைத்துக்கொண்டு போகும்.

அதனால் என்ன ஆகும் என்று ஒரு கணக்கைப் பாருங்கள். ஒன்பது சதுரம் சேர்ந்த பிளாக், தைத்து முடித்தால் 6 இஞ்ச். அதில் ஒவ்வொரு சதுரமும் தைத்தபின் 2 இஞ்ச், வெட்டும்போது இரண்டரை. இதை 12 இஞ்ச் பிளாக் ஆக்க நினைத்து, வெட்டும் அளவையே இரட்டித்தால் சதுரம் 5 இஞ்ச் ஆகிவிடும். கால் இஞ்ச் ஓரம் விட்டுத் தைத்தால் ஒவ்வொன்றும் நாலரை இஞ்ச், மூன்றும் சேர்ந்தால் பதிமூன்றரை. பக்கத்தில் வைக்க வேண்டிய வெற்றுச் சதுரத்தை ஆறரையிலிருந்து 13 ஆக இரட்டித்திருப்பீர்கள். அது தைத்தபின் பன்னிரண்டரைதான் வரும். ஒன்று பதிமூன்றரை, இன்னொன்று பன்னிரண்டரை. ஒரு முழு இஞ்ச் வித்தியாசம். எப்பேர்ப்பட்ட தையல்காரராலும் இதைச் சேர்க்க முடியாது. சரியான வழி: 2 இஞ்சை இரட்டித்து 4 ஆக்கி, அரை இஞ்ச் கூட்டி, நாலரையாக வெட்டுவது. வெற்றுச் சதுரம் பன்னிரண்டரை. இரண்டும் தைத்தபின் 12. தகராறே இல்லை.

முக்கோணத்தில் இன்னும் மோசம். சதுரத்தை மூலைக்கு மூலை வெட்டி எடுக்கும் முக்கோணத்துக்கு, தைத்தபின் வரும் அளவோடு 7 நூல் சேர்த்துச் சதுரம் வெட்ட வேண்டும் என்பது வழக்கம். 3 இஞ்ச் வேண்டுமானால் 3 இஞ்ச் 7 நூல். அதை 6 இஞ்ச் ஆக்கினாலும் 6 இஞ்ச் 7 நூல்தான். வெட்டும் அளவை இரட்டித்தவர்களுக்கு 7 இஞ்ச் 6 நூல் வரும். 7 நூல் அதிகம். முனை மழுங்கிப்போவதன் காரணம் இதுதான், உங்கள் கை இல்லை.

ஆகையால் எந்த பேட்டர்ன் கைக்கு வந்தாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: இதில் ஓரம் சேர்ந்திருக்கிறதா, இல்லையா? பெரும்பாலும் வெளியில் ஒரு முழுக்கோடும் உள்ளே ஒரு புள்ளிக்கோடும் இருக்கும். உள்கோடுதான் தையல் கோடு. வெளிக்கோட்டை வெட்டி எறிந்துவிட்டு உள்கோட்டை மட்டும் பெரிதாக்குங்கள். பெரிதாக்கிய தாளை அட்டையில் ஒட்டி, சுற்றிலும் இரண்டு நூல் தள்ளி ஸ்கேலால் புதுக்கோடு போடுங்கள்.

எத்தனை சதவீதம் என்று கேட்பீர்கள். வேண்டிய அளவை இருக்கிற அளவால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். 6 இஞ்ச் பிளாக்கை 9 ஆக்க 150. 8-ஐ 12 ஆக்கவும் 150. 12-ஐ 9 ஆகச் சுருக்க 75. வேறு சூத்திரமே இல்லை. ஆனால் துணி வாங்கும்போது இன்னொன்றை நினைவில் வையுங்கள்: பக்கம் இரண்டு மடங்கானால் துணி நாலு மடங்கு வேண்டும். 150 சதவீதத்துக்கே இரண்டேகால் மடங்கு. பாதியில் துணி தீர்ந்து, அதே பூப்போட்ட துணிக்கு ஒப்பணக்கார வீதி முழுக்க அலைவதைவிட முன்னாலேயே பெருக்கிப் பார்ப்பது நல்லது.

இனி அச்சு. நம் பக்கத்துப் போர்வைகளில் பாதி கெடுவது இங்கேதான் என்பது என் எண்ணம். செல்போனில் இறங்கும் பேட்டர்ன் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருவது. அவர்களுடைய தாள் எட்டரை இஞ்ச் அகலம், 11 இஞ்ச் உயரம். நம்முடைய ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலம், 297 உயரம். அவர்கள் தாளைவிட 6 மில்லிமீட்டர் குறுகல், 18 மில்லிமீட்டர் நீளம். அந்தப் பக்கத்தை நம் தாளில் அச்சிடச் சொன்னால் பிரிண்டர் "தாளுக்குள் அடக்கு" என்று தானாகவே முடிவெடுத்துச் சுருக்கிவிடும். அகலக் குறைவுக்காக 97 சதவீதம். பிரிண்டர் ஓரத்தில் மை படாமல் விடும் இடத்தையும் கணக்கில் எடுத்தால் 94 வரைக்கும் இறங்கும். கண்ணுக்குத் தெரியாது. 12 இஞ்ச் பிளாக் 97 சதவீதத்தில் மூன்று நூல் குறையும். 94 என்றால் முக்கால் இஞ்ச் போய்விடும். ஐந்து பிளாக் வரிசைக்கு மூன்றரை இஞ்சுக்கு மேல். பாதி பிளாக்கை ஒரு கடையிலும் மீதியை இன்னொரு கடையிலும் அச்சிட்டிருந்தால் சொல்லவே வேண்டாம்.

எனவே அச்சிடும் திரையில் "ஃபிட்" என்று எது இருந்தாலும் தொடாதீர்கள். "ஆக்சுவல் சைஸ்" அல்லது "100%" என்பதைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் பிரிண்டர் இல்லாமல் ஜெராக்ஸ் கடைக்குப் போகிறவர்கள், "தம்பி, ஆக்சுவல் சைஸ் வெச்சுக் குடுங்க, சுருங்கக் கூடாது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கூட்டத்தில் அந்தத் தம்பிக்கு அது தானாகத் தோன்றாது. கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். படமாகப் போனால் அளவுத் தகவலும் தெளிவும் வழியிலேயே தொலைந்துவிடும்.

அச்சானதும் முதல் தாளை மட்டும் எடுத்து அளந்து பாருங்கள். நல்ல பேட்டர்ன் எல்லாவற்றிலும் மூலையில் ஒரு சோதனைச் சதுரம் இருக்கும், 1 இஞ்சோ 2 இஞ்சோ. தையல் டேப்பால் அளக்க வேண்டாம். நாள்பட்ட டேப் இழுபட்டுப் போயிருக்கும். இரும்பு ஸ்கேல் வையுங்கள். 2 இஞ்ச் சதுரம் ஒரு நூல் குறைந்திருந்தால் அது 94 சதவீதத்தில் அச்சாகியிருக்கிறது என்று அர்த்தம். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எடுங்கள். ஒரு போர்வைக்கு வேண்டிய எல்லாத் தாளையும் ஒரே பிரிண்டரில், ஒரே அமைப்பில், ஒரே தடவையில் எடுத்துவிடுவது உத்தமம். ஜெராக்ஸின் ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுக்கவே எடுக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் மயிரிழை கூடிக் குறையும், அது சேர்ந்துகொண்டே போகும்.

தாளைவிடப் பெரிய பேட்டர்னுக்கு என்ன செய்வது? கணினியில் அடோபி ரீடர் இலவசம்தான். அதில் அச்சிடும்போது "போஸ்டர்" என்று ஒன்று இருக்கும். அங்கே சதவீதத்தைக் கொடுத்தால் படத்தைப் பெரிதாக்கி, தானே பல ஏ4 தாள்களாகப் பிரித்துத் தரும். தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏற வேண்டிய அளவையும் கேட்கும். அரை இஞ்ச் கொடுங்கள். வெட்டுக்குறி, தாள் எண் இரண்டையும் டிக் செய்துவிடுங்கள். 12 இஞ்ச் பிளாக்குக்கு நாலு தாள். தரையில் பரப்பி, குறியோடு குறி சேர்த்து, பசைக்குச்சியால் ஒட்டுங்கள். செல்லோ டேப் ஒட்டினால் அதன்மேல் இஸ்திரி பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; உருகிக் காகிதத்தையும் துணியையும் கெடுத்துவிடும்.

நாலு தாளும் பல நேரம் தேவைப்படாது. நான்கு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் பூவோ நட்சத்திரமோ ஆனால் கால்பங்கை மட்டும் அச்சிட்டால் போதும். 12 இஞ்ச் பிளாக்கின் கால்பங்கு 6 இஞ்ச் சதுரம், ஏ4 தாளில் தாராளமாக அடங்கும். அதைத் திருப்பித் திருப்பி வைத்து வரைந்துகொள்ளலாம். மை மிச்சம், தாளும் மிச்சம், ஒட்டுவதில் வரும் பிசகும் இல்லை.

ஜெராக்ஸ் மிஷினில் 141 என்று ஓர் எண் தனியாகவே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏ4-ஐ ஏ3 ஆக்கும் எண் அது. ஏ வரிசைத் தாளில் எதைப் பாதியாக மடித்தாலும் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் மாறாது. 1786-லேயே லிக்டன்பெர்க் என்ற ஜெர்மன் அறிஞர் ஒரு கடிதத்தில் இந்த விகிதத்தின் அழகை எழுதியிருக்கிறார். 1922-ல் ஜெர்மனி அதைத் தாளின் நியமமாக்கியது, பிறகு உலகம் எடுத்துக்கொண்டது. நமக்கு இதனால் என்ன லாபம்? ஏ4-ஐ 141-ல் பெரிதாக்கினால் ஏ3, மறுபடி 141 என்றால் ஏ2. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 200 சதவீதம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஏ3 தாளின் அகலம் 297 மில்லிமீட்டர், 11 இஞ்சும் கொஞ்சமும்தான். 12 இஞ்ச் பிளாக் அதில் அடங்காது. 10 இஞ்ச் பிளாக் அழகாக உட்காரும். பிளாக் அளவை நீங்களே தீர்மானிக்கலாம் என்றால் 10 வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஒட்டுவேலையே இல்லாமல் போகும்.

புத்தகத்தில் இருக்கும் சின்னப் படத்தைப் பெரிதாக்க நினைப்பவர்கள் செல்போனில் போட்டோ எடுக்க வேண்டாம். கொஞ்சம் சாய்ந்தாலும் சதுரம் கோணலாகிவிடும். ஸ்கேனரில் வைத்து எடுங்கள், அதையும் 600 புள்ளி அடர்த்தியில். 3 இஞ்ச் படத்தை 300-ல் எடுத்து 12 இஞ்ச் ஆக்கினால் கோடு படிக்கட்டு மாதிரி உடைந்து தெரியும். இன்னொன்று, கோட்டின் தடிமனும் கூடவே பெரிதாகும். ஒரு மில்லிமீட்டர் கோடு 400 சதவீதத்தில் 4 மில்லிமீட்டர் ஆகும். அதன் உள்விளிம்பில் வெட்டுவதா வெளிவிளிம்பில் வெட்டுவதா என்பதிலேயே ஒரு நூல் போய்விடும். தடித்த கோட்டின் நடுவில் கூரான பென்சிலால் புதுக்கோடு இழுத்து அதையே எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிண்டரே வேண்டாம் என்பவர்களுக்கு கிராஃப் தாள் இருக்கிறது. சின்னப் படத்தின்மேல் அரை இஞ்ச் கட்டம் போட்டு, பெரிய தாளில் ஓர் இஞ்ச் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பார்த்து வரைய வேண்டும். அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டி ஸ்டார் என்ற நாளிதழ் 1928 முதல் 1961 வரை வாசகிகளின் குயில்ட் பேட்டர்ன்களை வெளியிட்டுவந்தது. பண்ணை வீட்டுப் பெண்கள் அதை வெட்டிச் சேர்த்து வைத்துத்தான் தங்கள் போர்வைகளைத் தைத்தார்கள். அவர்கள் வீட்டில் ஏது பிரிண்டர்?

இதுவரை சொன்னது துண்டு வெட்டும் பேட்டர்ன். துண்டுகளைச் சேர்த்தபின் மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் கோத்துத் தைக்கும் கோலம் ஒன்று இருக்கிறதே, அதற்கு நாம் யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. சிக்குக்கோலத்தில் பல, வைத்த கை எடுக்காமல் ஒரே இழையாக வந்து தொடங்கிய இடத்திலேயே முடியும். மிஷினில் நூலை அறுக்காமல் தைத்துக்கொண்டே போக இதைவிடத் தோதான வடிவம் எங்கே கிடைக்கும்? சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிரிதிவாசனும் சேர்ந்து, கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுத முடியும் என்று 1974-லேயே ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கணினிக்கே பாடமான கோலத்தை நம் போர்வைக்கு எடுத்துக்கொள்ள நமக்கு என்ன தயக்கம்? வரைந்த கோலத்தின்மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். ஒரே சுற்றில் எல்லா இழையையும் தொட்டுத் திரும்பி வந்தால் அது மிஷினுக்கு ஏற்றது.

கோலத்தின் அளவுக் கணக்கும் எளிது. இழை கடைசிப் புள்ளியைத் தாண்டி அரை இடைவெளி வெளியே வளைவதால், ஒரு வரிசையின் புள்ளி எண்ணிக்கையை இடைவெளியால் பெருக்கினால் கோலத்தின் அகலம் கிட்டத்தட்ட வந்துவிடும். 5 புள்ளி, இரண்டு இஞ்ச் இடைவெளி என்றால் 10 இஞ்ச் பிளாக்.

ஆனால் இங்கே பெரிதாக்குவதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. கோலத்தைப் பெரிதாக்கினால் இழைக்கும் இழைக்கும் நடுவே உள்ள இடமும் பெரிதாகும். அங்கே பஞ்சைப் பிடித்துக்கொள்ள தையல் இருக்காது. துவைக்கத் துவைக்கப் பஞ்சு உருண்டு ஒரு மூலையில் சேரும். எத்தனை இஞ்சுக்குள் தையல் விழ வேண்டும் என்பது பஞ்சுக்குப் பஞ்சு மாறும். விரிப்பாகக் கிடைக்கும் பஞ்சின் உறையிலேயே போட்டிருப்பார்கள், அதைப் படித்துவிட்டுத்தான் கோலத்தின் அளவை முடிவு செய்ய வேண்டும். ஆகவே பெரிய இடத்தை நிரப்ப வேண்டுமானால் இடைவெளியைக் கூட்டாமல் புள்ளியைக் கூட்டுங்கள். 5 புள்ளிக் கோலத்தை 20 இஞ்சுக்கு இழுக்காமல் 10 புள்ளிக் கோலமாகப் போடுங்கள். மார்கழியில் வாசல் பெரிதாக இருக்கும் வீட்டில் நீங்கள் செய்வதும் இதைத்தானே.

வரைந்த கோலத்தைத் துணிக்கு மாற்றும் வித்தையும் நம் கையிலேயே இருக்கிறது. ஆரி வேலை படித்தவர்கள் உங்களில் பாதிப் பேர். டிரேசிங் தாளில் கோட்டின் மேலேயே ஊசியால் நெருக்கமாகத் துளை போட்டு, மண்ணெண்ணெயில் கரைத்த பொடியைப் பஞ்சால் தேய்த்து ரவிக்கைத் துணியில் இறக்குவீர்கள். அதே துளைத்தாள் போதும். ஆனால் போர்வைக்கு மண்ணெண்ணெய் வேண்டாம். பஞ்சு அந்த வாசனையைப் பிடித்துக்கொள்ளும். சாக்குப்பொடியை மெல்லிய துணியில் முடிந்து துளைகளின் மேல் தட்டினால் புள்ளிப்புள்ளியாக விழும். கருந்துணிக்கு வெள்ளைப்பொடி போதும். வெளிர்த்துணிக்கு நீலப்பொடி வேண்டாம், அது துவைத்தாலும் நிற்கக்கூடும். வெளிர்நிற சாக்கையே உரசிப் பயன்படுத்துங்கள். பஞ்சு வைப்பதற்கு முன்பே, மேல்துணி மேஜைமேல் தட்டையாகக் கிடக்கும்போதே குறியிடுங்கள்.

பிரிண்டர் மையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரின் மை பெரும்பாலும் நீரில் கரையும். அந்தத் தாளைத் துணியோடு வைத்து நீராவி இஸ்திரி போட்டால் நிறம் இறங்கும். ஜெராக்ஸ், லேசர் பிரிண்டர் தூள் சூட்டில் இளகும். அச்சான பக்கம் துணியைத் தொட்டபடி இஸ்திரி போட்டால் கோடு துணியில் ஒட்டிக்கொள்ளும். தாளின்மேலேயே துணியை வைத்துத் தைத்துக் கிழித்தெடுக்கும் முறையில் தைப்பவர்கள் இதில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுக்கு ஒரு பிளாக்குக்கு ஒரு தாள் வேண்டும், தையல் நெருக்கமாக விழ வேண்டும், அச்சான படம் தைத்தபின் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம்வலமாக மாறித் தெரியும் என்பதும் நினைவிருக்க வேண்டும்.

துணியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருப்பூர் பனியன் துணி இழுபடும். எவ்வளவு துல்லியமாக அச்சிட்டாலும் அதில் 4 இஞ்ச் 4 இஞ்சாக நிற்காது. நெய்த பருத்தியே பேட்டர்னுக்கு ஏற்றது. புதுத்துணியை நனைத்து உலர்த்தி இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள். பழைய சேலைக்கு அந்தக் கவலை இல்லை, சுருங்க வேண்டியது எல்லாம் எப்போதோ சுருங்கி முடிந்திருக்கும்.

பேட்டர்னே இல்லாமலும் போர்வை தைக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. கர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கத்துச் சித்தி இனப் பெண்கள் கவண்டி என்று ஒரு போர்வை தைக்கிறார்கள். காகிதம் கிடையாது, ஸ்கேல் கிடையாது. ஓரத்திலிருந்து தொடங்கி, கைக்குக் கிடைத்த துண்டை வைத்து வைத்து நடுவுக்கு வந்து சேர்கிறார்கள். உலகம் வியக்கும் வேலை. கணக்கு பிடிக்காதவர்கள் அந்த வழியில் போகலாம், அது எந்த வகையிலும் குறைந்ததில்லை. ஆனால் நட்சத்திரமும் பூவும் கூடையும் முனையோடு முனை சேர வேண்டும் என்று ஆசைப்பட்டுவிட்டால் அளவை நாம்தான் ஆள வேண்டும். 2019 ஜனவரியில் சென்னையில் இந்திய குயில்ட் விழா நடந்தது. அப்படியோர் இடத்தில் நம் கணபதிப் போர்வை தொங்க வேண்டும் என்பது என் பேராசை. அதற்கு உண்டான கை இங்கே இருக்கிறது என்பதில் எனக்குத் துளி சந்தேகமில்லை.

கடைசியாக உங்களிடம் சில விண்ணப்பங்கள். காசு கொடுத்து வாங்கிய பேட்டர்னை ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள். அதை வரைந்தவரும் நம்மைப்போல் வீட்டில் உட்கார்ந்து பிழைக்கும் ஒரு பெண்ணாக இருக்கலாம். அவருடைய கூலி அது. இலவசமாகத் தந்ததையும், நீங்களே வரைந்ததையும் தாராளமாகக் கொடுங்கள். கோனியம்மன் தேர்ச்சீலையில் பார்த்த பூ, பேரூர்த் தூணில் பார்த்த கொடி, உங்கள் அம்மா போட்ட கோலம் என்று எதை வரைந்தாலும் ஓரம் சேர்க்காமல் தையல் கோட்டை மட்டும் வரையுங்கள். மேலே தைத்தபின் வரும் அளவை எழுதுங்கள். மூலையில் 2 இஞ்ச் சதுரம் ஒன்றை ஸ்கேல் வைத்துப் போடுங்கள். அதன் பிறகு அந்தத் தாள் யார் கைக்குப் போனாலும், எந்தக் கடையில் அச்சானாலும், அவர்கள் அளந்து பார்த்துத் திருத்திக்கொள்ள முடியும்.

வீட்டில் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தாள் காசு மட்டும் வாங்கிக்கொண்டு அச்சிட்டுக் கொடுங்கள். பீரோ மேல்தட்டில் இருக்கும் போர்வையை இந்த வாரம் கீழே இறக்கி, அதன் பேட்டர்ன் தாளில் இருக்கும் சோதனைச் சதுரத்தை முதலில் அளந்து பாருங்கள். எந்த பிளாக் எத்தனை நூல் குறைகிறது என்று தெரிந்துவிட்டால், சின்னதாகிவிட்ட பிளாக்கைச் சுற்றி ஒரு பட்டைத் துணி தைத்துப் பெரிய பிளாக்குக்குச் சமமாக வெட்டிவிடலாம். எதையும் பிரிக்க வேண்டியதில்லை.

அன்புடன்,
கணபதியிலிருந்து உங்களில் ஒருத்தி